பிக்கப்பில் பெற்றோல் ஆவிக் கசிவு: பார்ட்ஸ் மாற்றும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஸ்னோ கரைந்ததிலிருந்து, பழைய பிக்கப் வைத்திருக்கும் பலர் ஒரே முறைப்பாட்டோடு கராஜுக்கு வருகிறீர்கள். செக் என்ஜின் லைற் எரிகிறது, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, ஸ்கானரில் பி0442 அல்லது பி0456 என்ற கோளாறுக் கோட் வருகிறது. பெற்றோல் மூடியைப் புதிதாக மாற்றியும் லைற் போகவில்லை. “கோட் தெரிந்துவிட்டதே, பிறகு தேடுவதற்கு எதற்குத் தனிக் கூலி?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வாகனம் சும்மா நின்றாலும் தாங்கியிலுள்ள பெற்றோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை ஒரு கரிப்பெட்டி பிடித்து வைக்கிறது. என்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அதை உள்ளே இழுத்து எரிக்கிறது. கரிப்பெட்டிக்கு வெளிக்காற்று விடுவது வென்ட் வால்வு. பெரும்பாலான பிக்கப்களில் கொம்பியூட்டர் அவ்வப்போது வென்ட்டை மூடி, தாங்கிக்குள் ஒரு சிறிய உறிஞ்சலை உண்டாக்கி, அது நிற்கிறதா என்று பார்க்கும். நிற்காவிட்டால் கோட். பி0442 என்றால் சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டை, பி0456 என்றால் அரை மில்லிமீட்டர் அளவு. ஓட்டை இருக்கிறது என்றுதான் கோட் சொல்லும். எங்கே என்று சொல்லாது. மூடியிலிருந்து என்ஜின் வரை அது எங்கும் இருக்கலாம்.

மூடியை முதலில் பார்ப்பது சரிதான். றப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் கனடாவில் நாங்கள் அதிகம் சந்தேகப்படுவது மூடி போய் உட்காரும் குழாயைத்தான். வீதியில் கொட்டும் உப்பு பின்சில்லால் தெறித்து, இரும்புக் குழாயைப் பிடித்திருக்கும் பட்டிக்குப் பின்னால் தங்கிவிடும். வெளியே பார்த்தால் பெயின்ற் நன்றாகவே இருக்கும், பட்டிக்கு அடியில் துரு தின்றிருக்கும். குழாயின் வாயில் துரு ஏறி விளிம்பு சொரசொரத்துவிட்டால் எந்தப் புது மூடியும் இறுகாது.

அதனால்தான் புகைப் பரிசோதனை செய்கிறோம். வென்ட்டை ஸ்கானரால் மூடிவிட்டு, 1 பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவோம். சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்போமே, அதே வேலைதான். அழுத்தத்தைக் கூட்டினால் நல்ல இணைப்பும் பிரிந்துவிடும், ஆகவே அவசரப்பட முடியாது. சிறிய கசிவென்றால் புகை நூல் போலத்தான் வரும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, கீழே படுத்திருந்து பார்த்தால்தான் கண்ணில் படும். தாங்கியின் மேலே பெற்றோல் பம்ப் உட்காரும் வளையத்தில் கசிந்தால், பல பிக்கப்களில் தாங்கியை இறக்குவதைவிட பின்பெட்டியின் போல்ற்களைக் கழற்றிப் பெட்டியைத் தூக்குவது சுலபம், துருப்பிடித்த போல்ற்கள் ஒத்துழைத்தால்.

பர்ஜ் வால்வு முழுதாக மூடாமல் இருந்தால் புகை வெளியே எங்கும் தெரியாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பெற்றோல் அடித்தவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றால் எங்களிடம் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். பம்ப் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை அடிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெற்றோல் திரவமாகவே கரிப்பெட்டிக்குள் போனால் அது கெட்டுவிடும், விலையும் குறைவல்ல.

“ஒன்ராறியோவில் டிரைவ் கிளீன் என்ற வாகன மாசுச் சோதனை 2019இலேயே கார்களுக்கும் சிறிய வாகனங்களுக்கும் நின்றுவிட்டதே, எரிந்தால் எரியட்டும்” என்பவர்களும் உண்டு. இந்தக் கசிவால் வாகனம் நடுவழியில் நிற்காது, உண்மைதான். ஆனால் லைற் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு வேறொரு பெரிய கோளாறு வரும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பெற்றோல் மணமும் அடித்தால் யோசிக்க வேண்டாம், உடனே கொண்டுவாருங்கள். லைற் விட்டுவிட்டு மின்னினால் அது வேறு கதை: என்ஜின் ஒழுங்காக எரியவில்லை, ஓட்டுவதை நிறுத்துங்கள்.

வருமுன் ஸ்கானரில் உள்ள கோட் எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் அது பதிந்த வேளையின் விபரங்களும் போய்விடும். தாங்கி பாதியளவில் இருக்கட்டும். நிரம்பி வழிந்தாலோ வற்றிக் கிடந்தாலோ கொம்பியூட்டர் தன் சோதனையை நடத்தாது. முடிந்தால் முதல்நாள் மாலையே விட்டுவிட்டுப் போங்கள், ஆறிய என்ஜினில் பார்ப்பதுதான் நல்லது. திருத்தியபின் லைற்றை நாங்கள் அழித்துத் தந்தாலும், கொம்பியூட்டர் தானே சோதித்துச் சரி என்று ஒப்புக்கொள்ளச் சில நாள் ஓட்டம் வேண்டும். அதற்குள் திரும்ப எரிந்தால் அழைத்துச் சொல்லுங்கள், மறுபடி பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கராஜ் குழுவினர்