மறுமணம் செய்யவில்லை என்று ஒரு கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதிய வயதில் துணை தேடுவோரைப் பற்றிய பேச்சில் பிள்ளைகளின் மறுப்பும் ஊராரின் வாயுமே பெரிதாகச் சொல்லப்படுகின்றன. அவற்றைவிட வலிய தடை அரசு விதியில் இருப்பதைப் பட்டறிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 68, மனைவியை இழந்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன், உயிரோடிருப்பதை உறுதிசெய்ய ஆண்டுதோறும் நடக்கும் ஓய்வூதியர் நேர்காணலுக்கு வரிசையில் நின்றபோது, மறைந்த கணவரின் குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மையார் ஒருவர் என்னிடம் பேனா கேட்டார். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்றில் கையெழுத்திட்டுவிட்டு, “இந்த வயசுலயும் வருஷா வருஷம் இதக் கேக்காவ பாருங்க சார்” என்று சிரித்தார். அன்று வடசேரி பேருந்து நிலையத்தருகே ஆளுக்கொரு சாயா குடித்ததில் தொடங்கிய பழக்கம், சங்குத்துறைக் கடற்கரையில் பல மாலைகளைக் கண்டு, மணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. ஷார்ஜாவிலிருக்கும் அவருடைய மகன்கூடச் சம்மதித்துவிட்டார். எங்களுக்கே அது வியப்புதான்.

சம்மதிக்காதவை 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள். கைம்பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் இறப்பு அல்லது மறுமணம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான். நான் உழைத்து ஈட்டிய ஓய்வூதியம் மறுமணத்தால் ஒரு ரூபாயும் குறையாது. அவரோ மாலை மாற்றிய அன்றே தம் வருமானத்தை இழந்து, மருந்துக்கும் பேரப்பிள்ளைக்கு வாங்கும் நேந்திரங்காய் வற்றலுக்கும் என் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஓய்வுக்குப் பின் மணந்த துணைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்திருப்பதால், என் காலத்துக்குப் பின் அவருக்கு அது கிடைக்கக்கூடும். நான் செத்தால்தான் அவர் கையில் காசு என்பது புதுமணத் தம்பதிக்கு உகந்த ஏற்பாடாக எனக்குப் படவில்லை.

மத்திய அரசு ஊழியரின் பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்கு, வேறு வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாதவரை, மறுமணத்துக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் 2006 முதல் தொடர்கிறது. பிள்ளை இருப்பதையும் இல்லாததையும் பார்க்காமல், 60 வயதைக் கடந்து மணம் புரிவோர் அனைவருக்கும் மாநில அரசு பாதித் தொகையையேனும் தொடர்ந்து வழங்க முன்வர வேண்டும். பணம் போய்விடுமே என்று பதிவு செய்யாமல் மறைவாக வாழ்வோரும், எங்களைப்போல் தள்ளிப்போடுவோரும் அப்போது துணிவார்கள்.

இந்த ஆண்டு நேர்காணலுக்குள் விதி மாறிவிடாது. அவர் மீண்டும் அந்தச் சான்றில் கையெழுத்திடத்தான் போகிறார். பேனா என்னுடையதாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்