சந்தா கட்டாத பொத்தான்: நம் ஊர் மலையேறும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, சுங்கை சிப்புட் மலையேறும் குழுவின் செயற்குழுத் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். மீதிப் பேரின் அப்பா அம்மாவுக்குப் போட்டிருக்கிறேன். 31 வருஷம் ரப்பர் தோட்டத்து டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நேரில் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் "பார்க்கலாம் ஐயா" என்றீர்கள். அதுதான், ஊரும் படிக்கட்டும் என்று எழுத்தில் வைக்கிறேன்.

விஷயம் உங்கள் அலமாரியில் கிடக்கும் அந்தச் சிவப்புக் கருவி. கார்மின் இன்ரீச் மினி, கைப்பேசி லைன் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற சாமான். உள்ளங்கைக்குள் அடங்கும், எடை 100 கிராம், ஒரு சவர்க்காரக் கட்டிதான். நன்கொடை நோட்டு எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினீர்கள். என் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது, 50 வெள்ளி.

போன பள்ளி விடுமுறையில் பதினெட்டுப் பேர் நம் பக்கத்து லாசா ஊரைத் தாண்டிய காட்டுக்குப் போனீர்கள். இரண்டாம் நாள் மழை. ஓடையின் குறுக்கே கிடந்த பாசி பிடித்த மரத்தில் கால் வழுக்கி விழுந்தவன் என் தங்கையின் பேரன். அவன் விழுந்தது பகல் மூன்றேகால் மணிக்கு. கைப்பேசி லைன் தேடி இரண்டு பையன்கள் முகட்டுக்கு ஏறினார்கள். அங்கே லைன் இல்லை. மறுபக்கம் இறங்கி, மரம் ஏற்றும் லாரிகள் போன பழைய பாலாக் ரோட்டோரம் ஒரே ஒரு கோடு தெரிந்த இடத்தில் நின்று அவசர எண் 999-க்கு அடித்தபோது இரவு ஒன்பதரை. கூட்டிப் பாருங்கள், ஆறேகால் மணி நேரம்.

தொடை எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாது. உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கிவிடும். தொடை மத்தளம் மாதிரி வீங்கும், முகம் வெளுக்கும், கை கால் ஜில்லென்று ஆகும். மழையில் நனைந்த உடம்பு வேறு. அவன் தாங்கியதற்குக் காரணம் உங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை. மூங்கில் இரண்டை வெட்டிப் பக்கவாட்டில் வைத்து, கைலியைக் கிழித்து, உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டி, அடியிலும் மேலேயும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அந்தக் கட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முடிச்சு ஒன்றுகூட முறிந்த இடத்துக்கு மேல் விழவில்லை. அவளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்று பையன் தொடைக்குள் கம்பியோடு, கைத்தடி ஊன்றி அஞ்சடித் தாழ்வாரத்தில் நடக்கிறான்.

அந்த ஆறேகால் மணி நேரமும் கருவி எங்கே இருந்தது? மறுநாள் நானே போய்ச் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தேன். பழைய டீ சட்டைக் கட்டுகளுக்கும் பரிசுக் கோப்பைகளுக்கும் நடுவில், வாங்கிய பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் திரை இருட்டு. ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டபின் உயிர் வந்தது. ஆனால் சந்தாவை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறதாம். "வருஷத்துக்கு நாலு தடவைதானே போகிறோம், மாதாமாதம் எதற்கு ஐயா வீண் செலவு?" என்று பொருளாளர் தம்பி சொன்னார். நல்ல பிள்ளை, கணக்கில் ஒரு சல்லிக்காசு பிசகாது. ஆனால் சந்தா ஓடவில்லையென்றால் இந்தக் கருவியின் எஸ்.ஓ.எஸ். பொத்தானும் வேலை செய்யாது. அவசரத்துக்கு மட்டும் தானாகத் திறந்துகொள்ளும் என்று உங்களில் பலர் நினைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று என் மருமகன் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். புரிந்ததைச் சொல்கிறேன். இதற்குத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை. இரிடியம் என்று 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். ஒன்று மலைக்குப் பின்னால் மறைந்தால் அடுத்தது தலைக்கு மேல் வந்துவிடும். இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். கணக்குப் போடும். நீங்கள் எழுதும் 160 எழுத்தோடு அந்த இடக்குறிப்பும் சேர்ந்து வீட்டில் இருப்பவர்களின் கைப்பேசிக்கு வந்து சேரும். அவர்கள் பதிலும் எழுதலாம். கைப்பேசியோடு புளூடூத்தில் இணைத்தால் தட்டுவது சுலபம். கைப்பேசி செத்துப்போனாலும் கருவியிலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதலாம், பொறுமைதான் வேண்டும்.

எஸ்.ஓ.எஸ். பொத்தான் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் தள்ளி, அழுத்திப் பிடித்தால் செய்தி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இரவு பகலாக ஆள் உட்கார்ந்திருக்கும் ஒரு மையத்துக்குப் போகிறது. நம் ஓடைக்கரையில் அழுத்தினால் டெக்சஸில் மணி அடிக்கிறது! சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அங்கிருந்து அவர்கள் அந்தந்த நாட்டு மீட்புப் படையைக் கூப்பிடுகிறார்கள், உங்களோடும் எழுத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "தொடை எலும்பு முறிவு, நினைவு இருக்கிறது, ஓடையின் இடக்கரை, 18 பேர், ஸ்ட்ரெச்சர் தேவை" என்று நான்கு சொல் போய்ச் சேர்ந்தால், ஏறி வருகிறவன் எதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கீழேயே முடிவு செய்துவிடுவான். அன்றைக்குத் தீயணைப்பு மீட்புப் படையான பொம்பா ஆட்களுக்குக் கிடைத்த தகவல் "ஒரு பையன் விழுந்துட்டான்" என்பது மட்டும். அதைச் சொன்ன பையன்கள் களைத்துப் போயிருந்தார்கள், இடத்தைக்கூடச் சரியாகக் காட்டத் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

பொத்தானை அழுத்தியவுடன் ஹெலிகாப்டர் வந்து நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். தித்திவங்சா மலைத்தொடரில் மாலையானால் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது. பொம்பாவின் மலை மீட்பு அணியான மோசார் பெரும்பாலும் உங்களைப் போலவே நடந்துதான் ஏற வேண்டும். நடப்பவனுக்கு ஆறு மணி நேரம் முன்னதாகத் தகவல் கிடைப்பது என்ன என்பதை என் தங்கையிடம் கேளுங்கள்.

கூட்டத்தில் வேறு சில பேச்சும் காதில் விழுந்தது. ஒருவர், "அவசர எண் 112 அடித்தால் லைன் இல்லாவிட்டாலும் போகும்" என்றார். போகாது. 112-க்கு உங்கள் கம்பெனியின் கோபுரம் இல்லாவிட்டாலும் வேறு எந்தக் கம்பெனியின் கோபுரமாவது எட்ட வேண்டும். ஒன்றுமே எட்டாத பள்ளத்தில் 112 வெறும் எண்தான். இன்னொரு தம்பி, புதிய ஐபோனில் செயற்கைக்கோள் வசதி இருக்கிறதே என்றார். இருக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கினார்கள், பிறகு நாடு நாடாகத் திறந்து வருகிறார்கள். நம் நாட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே அதை நம்பிக் காட்டுக்குள் போக வேண்டும்? வாக்கி டாக்கி முன்னால் போகிறவனும் பின்னால் வருகிறவனும் பேசிக்கொள்ள நல்லது. முகடு குறுக்கே வந்தால் அதன் கதை முடிந்தது.

சந்தாவே ஆகாது என்றால் பி.எல்.பி. என்று ஓர் அவசர சமிக்ஞைக் கருவி இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களுக்குக் கூப்பாடு போடும். அந்த ஏற்பாடு 1982-இலிருந்து கப்பல்காரர்களையும் விமானக்காரர்களையும் காப்பாற்றி வருகிறது. மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் கூப்பிட மட்டும்தான் அதற்குத் தெரியும். கால் உடைந்ததா, பாம்பு கடித்ததா, எத்தனை பேர் என்று எழுத முடியாது. கையில் ஏற்கெனவே இதைவிட நல்ல சாமான் இருக்கும்போது இன்னொன்று வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

சந்தாவைத் திரும்பக் கட்டுங்கள். நிறுத்தியும் தொடங்கியும் ஓட்டுகிற ஏற்பாடு இருந்தால் அப்படியும் செய்யுங்கள், ஆனால் பெர்மிட்டுக்கு வனத்துறையில் பெயர்ப் பட்டியல் கொடுக்கிற அன்றே சந்தா ஓடுகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். செலவைச் செயற்குழுவில் 24 பேரும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும்தான் வரும். அதைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் விவாதித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மூன்று மணி நேரத்துக்குக் குடித்த தேநீர் எவ்வளவு என்று பொருளாளர் தம்பி சொல்லட்டும்.

யார் தூக்கிக்கொண்டு போவது என்பதும் முக்கியம். தலைவர் பைக்குள் வைக்காதீர்கள். தலைவர் எப்போதும் முன்னால் போவார். விழுகிறவன் பெரும்பாலும் நடுவிலோ கடைசியிலோதான் இருப்பான். கடைசி ஆளிடம் இருக்கட்டும், அதுவும் பைக்குள் அரிசிப் பொட்டலத்துக்கும் சட்டிக்கும் அடியில் வேண்டாம். தோள்பட்டியில், ஆண்டெனா வானத்தைப் பார்க்க, கொக்கி போட்டு மாட்ட வேண்டும். நம் காடு பைன் மரக் காடு இல்லை. மூன்று அடுக்கு இலை, மேலே மூடுபனி, கீழே மூங்கில் புதர். வானம் தெரியாத இடத்தில் செய்தி கிளம்பப் பத்து இருபது நிமிடம்கூட ஆகலாம், சில சமயம் கிளம்பாமலே நிற்கும். ஓடைக்கரை, பாறை மேடு, மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடம் என்று தேடிப் போய்ப் பொறுமையாக நிற்க வேண்டும். கைப்பேசி மாதிரி அனுப்பியதும் பையில் போட்டுக்கொண்டு நடக்கிற சாமான் இது கிடையாது.

இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. சார்ஜ் ஏறியபின் கணக்கைத் திறந்து பார்த்தோம். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று பதிந்திருந்த எண், கருவியை வாங்கிவந்த முன்னாள் செயலாளருடையது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம், அந்த எண்ணையும் விட்டுவிட்டார். பையன்கள் அன்று கருவியைக் கொண்டுபோய், சந்தாவும் ஓடி, பொத்தானையும் அழுத்தியிருந்தால்கூட, டெக்சஸ்காரன் இல்லாத எண்ணுக்கு அடித்துக்கொண்டு இருந்திருப்பான்.

தோட்டத்தில் பெரட்டு என்று ஓர் ஆள் கணக்கெடுப்பு இருந்ததை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கணக்கு எழுதும் கிராணி ஐயா செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயருக்குப் பதில் வராவிட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடுவார். அரைநாள் சம்பளத்தை வெட்டத்தான் அந்தக் கணக்கு, எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் மரம் சீவுகிற வெட்டுக்காட்டில் ஒருத்தி பாம்பு கடித்து விழுந்தால் பத்து மணிக்கு ரப்பர் பால் எடை போடுகிற நேரத்தில் ஆள் குறைகிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் மலைக்குப் போகும்போது கீழே பெரட்டுப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பதினெட்டுப் பேரின் பெயர், அடையாள அட்டை எண், இரத்த வகை, மருந்து ஒவ்வாமை, எந்த வழியில் ஏறி எந்த வழியில் இறங்குகிறீர்கள் என்ற தாள் அவர் கையில் இருக்க வேண்டும். காலை, மாலை இரண்டு வேளை கருவியிலிருந்து அவருக்குச் செய்தி வர வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் செய்திகள் மூன்று அதில் உண்டு. "முகாம் போட்டுவிட்டோம், எல்லாரும் நலம்" என்பது ஒன்றாக இருக்கட்டும். இரண்டு வேளை தொடர்ந்து வராவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவது என்பதையும் கிளம்புமுன் பேசி வையுங்கள். ஒரு வேளை தவறினால் பதறக் கூடாது, காட்டுக்கும் வானத்துக்கும் நடுவில் ஆயிரம் இலை இருக்கிறது.

அந்த ஆளாக நான் இருக்கத் தயார். எழுபது வயதில் மலை ஏற முடியாது, ஆனால் இராத்திரி தூக்கம் வருவதில்லை. கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க என்னால் முடியும்.

மூன்று மாதச் சந்தாவுக்கு ஆகும் பணத்தைக் கவரில் போட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே நீங்கள் தேநீர் குடிக்கிற கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ரசீது வேண்டாம். கட்டியதும் கோயில் திடலில் நின்று, வானம் பார்க்கப் பிடித்து, ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். என் எண் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது, மாறவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய டிரெஸ்ஸர் ஐயா,
சுங்கை சிப்புட்