கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டை

திருநெல்வேலிச் சீமையில் டெங்கு ஆய்வுக் கூட்டம் நடத்துகிற சுகாதார, உள்ளாட்சி அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். 2012 டெங்குக் காலத்தில் கடையநல்லூர், தென்காசிப் பக்கம் பட்ட பாடு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் எழுந்து "இத்தனை வீடு முடிச்சாச்சு சார்" என்று கணக்கு ஒப்பித்தவன்தான் நானும்.

போன வாரம் கொசுப்புழு பார்க்கிற பிள்ளை வந்தாள். "தாத்தா, தொட்டியக் கழுவுனியளா?" கேட்டுக்கொண்டே கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். புறவாசலில் பழைய ஆட்டுரல் கிடக்கிறது. குழியில் மழைத்தண்ணீர், டார்ச் அடித்தால் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கும். அங்கே அவள் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பொழுது சாயுமுன் இன்னும் எத்தனையோ வீடு. நாம் கேட்பது கையெழுத்து, அவள் தருவதும் அதுதான்.

பயிற்சி வகுப்புகளில் 'ஸ்மார்ட்' (SMART) இலக்கு என்று படம் போடுவார்கள்; ஐந்து ஆங்கில எழுத்து, நல்ல இலக்குக்கு எழுத்துக்கு ஒரு இலக்கணம். 1981இல் ஜார்ஜ் டோரன் என்ற மேலாண்மை ஆலோசகர் அதை எழுதியபோது, நடுவிலுள்ள 'ஏ' எழுத்து 'யார் பொறுப்பு' என்பதைக் குறித்தது. பிற்பாடு பலர் அதை 'எட்டக்கூடியது' என்று மாற்றிக்கொண்டார்கள். பொறுப்பு நைசாகக் கழன்றுவிட்டது.

வீடுகளின் எண்ணிக்கையை விடுங்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்கிற ஹவுஸ் இண்டெக்ஸை இலக்காக வையுங்கள். ஆனால் வேலை பார்த்தவரையே அளக்கச் சொன்னால் எண் தானாக இறங்கும் (நாங்கள் இறக்கியிருக்கிறோம்). பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து ஆட்கள் வந்து, பத்து வீட்டுக்கு ஒரு வீடு திரும்பப் பார்க்கட்டும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒரு தடவை குழாய் வரும். டிரம்மில் இருக்கிற மிச்சத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதன்மேலேயே பிடித்து நிரப்புவோம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொட்டினாலும் தீராது, உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தப் பிள்ளை அதைச் சொல்லித்தர முடியும். குழாயை அவளால் திறந்துவிட முடியுமா?

அக்டோபர் மழைக்கு முந்தின கூட்டத்தில் குடிநீர்ப் பொறியாளரையும் உட்கார வையுங்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் என்பதை அவர் பெயருக்கு நேரே இலக்காக, கெடுவோடு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பழைய ஆய்வாளர்