டர்பனிலிருந்து தம்பிக்கு

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். குளிர்காலம்தான், ஆனால் கடலோர ஊர், ஒரு ஸ்வெட்டர் போதும். ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் நாயுடு, பிள்ளை, முதலி என்று பெயர்கள் நம் ஊர் மாதிரிதான். வீட்டில் பேசுவது இங்கிலீஷ். ஆனால் தைப்பூசக் காவடியை விடவில்லை, அம்மாவிடம் சொல்.

நீ எடுக்கப்போகும் கார் துரத்தல் காட்சிக்காகக் கேட்ட ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ விஷயத்துக்கு வருகிறேன். 1971-ல் வந்த படம். நியூயார்க்கின் புரூக்ளினில், தூண்கள்மேல் ஓடும் ரயிலைக் கீழே காரில் துரத்துகிறார்களே, அந்த வேகத்தில் ஒரு பங்கு கேமரா செய்தது. நொடிக்கு 24 பிரேமுக்கு, அதாவது 24 தனிப் படங்களுக்குப் பதில் 18-ல் எடுத்தார்கள். திரையில் 24-ல் ஓட்டினால் 60 கிலோமீட்டர் 80 ஆகத் தெரியும். நீயும் செய்யலாம். ஆனால் பிரேமுக்குள் ஒருத்தர் நடந்துபோனாலும் குட்டு உடைந்துவிடும், குடுகுடுவென்று ஓடுவார். ஒவ்வொரு பிரேமும் கூடுதல் வெளிச்சம் வாங்கும்; லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை அரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக மூடு (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்). சத்தத்தைத் தனியாகப் பதிவு செய். அந்தத் துரத்தலில் பின்னணி இசையே கிடையாது, டயரும் ஹார்னும் ரயிலும்தான். படத்தின் பெரிய துணிச்சல் அதுதான் என்பேன்.

முன் பம்பரிலும் கேமரா கட்டினார்கள். லென்ஸ் தரையை ஒட்டி இருந்தால் சாலை வேகமாக ஓடுவதாகத் தோன்றும். இப்போதைய பம்பர் பிளாஸ்டிக், தாங்காது. காரின் அடிச்சட்டமான சேசிஸில் பிடித்து, தனியாக ஒரு சேஃப்டி கம்பியும் போடு. டேக்குக்கு டேக் நட்டுகளை முறுக்கிப் பார், அதிர்வில் தளரும்.

ஸ்டண்ட் டிரைவர் பில் ஹிக்மன் நிஜப் போக்குவரத்துக்குள் ஓட்ட, இயக்குநர் ஃப்ரீட்கின் பின்சீட்டில் கேமராவோடு இருந்தார். அதை மட்டும் காப்பி அடிக்காதே.

வெளிச்சத்துக்கு வா. இங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்குச் சாய்வு. ஜூன் நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரம்தான். கிழக்கு மேற்குத் தெருவில் வடக்கு வரிசைக் கட்டடம் 15 மீட்டர் என்றால் நிழல் 20 மீட்டர் விழும்; தெருவே நாள் முழுக்க நிழல்தான். காலையில் எடுத்த ஷாட்டும் மாலையில் எடுத்ததும் ஒட்டும். வடக்கு தெற்குத் தெருவில் நடக்காது, மணிக்கொரு பக்கம் வெயில் மாறும். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதே: மார்கழியில் நம் ஊரில் சாய்வு தெற்கே, உயரமும் அதிகம், நிழல் குட்டை.

நீ பார்த்து வைத்திருக்கும் தெரு எந்தத் திசையில் போகிறது, அகலம் எத்தனை அடி என்று எழுது. ஷாட் வரிசை போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்