பத்து நொடி என்றால் பத்து நொடிதான்

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது.

மீன் தொட்டி வெப்பநிலையை ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் 10 நொடிக்கு ஒரு தடவை பதிவு செய்கிறாய், நாளுக்கு 8640 வரி வர வேண்டியதில் 8000தான் வருகிறது, சென்சார் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். சென்சார் நன்றாகவே இருக்கிறது. உன் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் முழுத் துல்லியத்தில் ஒரு தடவை அளக்கவே 750 மில்லிநொடி வரை எடுத்துக்கொள்ளும். மற்ற வேலையும் சேர்த்து 0.8 நொடி என்று வை. அது முடிந்த பிறகுதான் உன் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) 'ஸ்லீப் 10', அதாவது 10 நொடி தூங்கு என்ற கட்டளையைப் போடுகிறது. ஆக ஒரு சுற்று 10.8 நொடி. 86,400-ஐ அதால் வகுத்துப் பார், சரியாக 8000.

உடனே ஸ்லீப்பை 9.2 ஆக்கிவிடாதே. பிழை வந்து ஒரு தடவை கூடுதலாகப் படித்தால் அந்தச் சுற்று நீண்டுவிடும், அந்தத் தாமதம் கடைசிவரை கூடவே வரும். ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்து வரும் பத்தின் மடங்கான நொடிக்கு (0, 10, 20 என்று) மீதி எவ்வளவோ அவ்வளவு மட்டும் தூங்க வேண்டும்.

பாஷில் (உன் கட்டளைகளை இயக்கும் நிரல்) 5.0 பதிப்பு முதல், இப்போதைய நேரத்தை நொடிக்கணக்கில் தசமத்தோடு தரும் 'எபோக்ரியல்டைம்' என்ற மாறி இருக்கிறது. அதில் உள்ள புள்ளியை எடுத்துவிட்டால் நேரம் மைக்ரோநொடியில் முழு எண்ணாகக் கிடைக்கும். (சில லொக்கேலில், அதாவது மொழி-நாட்டு அமைப்பில், புள்ளிக்குப் பதில் கமா வரும். இரண்டையும் நீக்கும்படி எழுது.) 10 நொடி என்பது ஒரு கோடி மைக்ரோநொடி. அந்த நேர எண்ணை ஒரு கோடியால் வகுத்து வரும் மீதியை ஒரு கோடியிலிருந்து கழி. 6:00:00-க்குத் தொடங்கிய அளவு 0.8 நொடியில் முடிந்தால் மீதி 8 லட்சம், தூங்க வேண்டியது 92 லட்சம், அதாவது 9.2 நொடி. எழுவதில் ஓரிரு மில்லிநொடி பிந்தினாலும் அடுத்த சுற்றுக்கு அது ஒட்டாது.

ஸ்லீப்புக்குக் கொடுக்கும்போதுதான் எல்லோரும் சறுக்குவார்கள். 90,12,345 மைக்ரோநொடியை 9 என்றும் 12345 என்றும் பிரித்து நடுவில் புள்ளி வைத்தால் 9.12345 ஆகிவிடும். சரியானது 9.012345. பின்னப் பகுதியை 'பிரிண்ட்எஃப்' என்ற அச்சிடும் கட்டளை கொண்டு ஆறு இலக்கத்துக்குப் பூஜ்யம் நிரப்பிக்கொள். பழைய பாஷில் 'டேட்' கட்டளையின் நொடியை வாங்கிக் கணக்குப் போடுவதானால் இதற்கு நேர்மாறான வம்பு: 08, 09 வந்ததும் பூஜ்யத்தைப் பார்த்து எண்ம எண் (0 முதல் 7 வரை மட்டுமே இலக்கம் உள்ள எட்டடிமான எண்) என்று எடுத்துக்கொண்டு பிழை சொல்லும். பத்தடிமான எண் என்று சொல்ல முன்னால் '10#' சேர்த்தால் அடங்கும்.

'அடுத்த நேரம் = போன நேரம் + 10' என்று கூட்டிக்கொண்டே போகும் முறையும் உண்டு. உன் ராஸ்பெரி பைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ராஸ்பெரி பை 4 வரை பலகையில் கடிகாரச் சில்லே கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்தில் எழுந்து, நெட் கிடைத்ததும் என்டிபி (நெட் வழியே நேரம் சரிசெய்யும் சேவை) சொல்லும் நேரத்துக்குத் தாவும். ஒரு மணி நேரம் முன்னே தாவினால் 360 சுற்று பாக்கி என்று லூப் நினைத்துக்கொள்ளும். ஸ்லீப்புக்கு மைனஸ் எண் போகும். முன்னால் மைனஸ் இருப்பதால் ஸ்லீப் அதை ஆப்ஷன் என்று நினைத்துப் பிழை காட்டி உடனே திரும்பிவிடும், லூப் மூச்சு விடாமல் ஓடும். நான் மேலே சொன்ன, வகுத்து மீதி பார்க்கும் முறையில் எது நடந்தாலும் காத்திருப்பு 10 நொடியைத் தாண்டாது. அளவு 10 நொடிக்கு மேல் இழுத்தால் தவறிய சுற்றை விட்டுவிட்டு அடுத்ததில் சேர்ந்துகொள்ளும்.

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானிடம் போகாதே, அதன் குறைந்தபட்சமே ஒரு நிமிடம். அதே வேலைக்கான சிஸ்டம்டி டைமர் என்றால், எவ்வளவு முன்பின் ஓடலாம் என்று சொல்லும் 'அக்யூரசிசெக்' அமைப்பு இயல்பாக ஒரு நிமிடம் என்று இருக்கும், குறைக்காவிட்டால் 10 நொடிக்குப் பொருளில்லை. சும்மா திரையில் பார்க்க மட்டும் என்றால் ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் 'வாட்ச்' கட்டளைக்கு 'பிரிசைஸ்' ஆப்ஷன் போதும்.

லாகில் (பதிவுக் கோப்பில்) நேரத்தை மில்லிநொடியோடு எழுது. அந்த மூன்று இலக்கம் வரிக்கு வரி ஏறிக்கொண்டே போகாமல் ஒரே இடத்தில் நின்றால் சரி. கரண்ட் போகாத ஒரு முழு நாள் கோப்பை அனுப்பிவை, பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்