கடல் ஆய்வாளர்களுக்குக் கோப்பின் வழியையும் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாட்டின் கடல்சார் அறிவியல் துறைத் தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் வணக்கம்.

மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முனைவர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, ஆய்வில் கண்டதை அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் எடுத்துச் சொல்லும் பயிற்சியைக் கட்டாயப் பாடமாக வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கும் அதே அட்டவணை. வேறு மீனுக்கு விரித்த வலையில் திருக்கை விழுந்தாலும் மீனவர் குற்றவாளி என்ற நிலை. எதிர்ப்பு கிளம்பியது, டிசம்பரிலேயே பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. எது அருகிவிட்டது, எது இன்னும் தாங்கும் என்ற பேச்சு அறிவிக்கைக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு பட்டியலில் ஏறிய கடல் அட்டைக்கு (கடலடியில் ஊரும் உயிரினம்) இன்றும் முழுத் தடைதான். எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். நம் தடை நீடிக்கட்டும், தளரட்டும். எதுவானாலும் கடலில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு கோப்பில் இருக்க வேண்டும் அல்லவா?

கேரளத்தில் இது சரியாக நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் பரிந்துரையை ஏற்று, பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை அந்த அரசு 2015இல் 14 இனங்களுக்கு நிர்ணயித்தது. பிறகு அது 58 இனங்களானது. மத்திக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ. மீன் எப்போது பருவமடைகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்த உழைப்பு அது. ஆனால் மீன் இறங்குதளத்தில் சோதனை செய்யும் அதிகாரி கைக்கு வந்தது வெறும் நீள அளவு. ஒரு ஸ்கேல் இருந்தால் போதும். இப்படிச் சுருக்கத் தெரிவதும் அறிவியல் திறமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் மேசைக்கு வந்த அறிக்கைகளில் பல, "மேலும் ஆய்வு தேவை" என்று முடியும். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டிய அதிகாரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஐயம் இருக்கட்டும், மறைக்க வேண்டாம். இந்த அளவுக்கு உறுதி, இந்த இடத்தில் ஐயம், தவறினால் யாருக்கு இழப்பு என்று சொல்லிவிட்டால் அவர் முடிவெடுப்பார்.

பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆய்வு முடிவை ஒரே பக்கத்தில் தமிழில் எழுத வையுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வரும், சுருக்க அறிக்கை தமிழிலும் கிடைக்கும்; அதைப் படித்துவிட்டுப் போய் உட்காரச் சொல்லுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை போன்ற வரைவு அறிவிக்கைகளுக்கு மறுப்புரை அனுப்ப 60 நாள் அவகாசம் உண்டு என்பதே பல ஆய்வாளர்களுக்குத் தெரியாது. அப்புறம், மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு மாதம் இருக்கட்டும். கோப்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பார்கள். மீனவர் ஊர்க்கூட்டத்திலும் அதே ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டும். அங்கே வரும் கேள்விகள்தான் கடினமானவை.

விஞ்ஞானிக்கு அரசியல் எதற்கு என்று சிலர் தயங்குவீர்கள். தரவு சொல்வது எது, நம் விருப்பம் எது என்று பிரித்துப் பேசுவதையும் இந்தப் பாடத்தில்தான் கற்றுத்தர முடியும்.

நிதி தரும் அலுவலகத்துக்குப் பிடிக்காத முடிவைச் சொல்ல இளைஞர்கள் அஞ்சுவது இயல்பு. ஆகவே அந்த ஒரு பக்கக் குறிப்பில் மாணவர் பெயரோடு நெறியாளரான உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். வரும் கல்வியாண்டில் எந்தத் துறை தொடங்கினாலும், அலுவலக நடைமுறை வகுப்புகளை ஊதியமில்லாமல் எடுக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மீன்வள அலுவலர் ஒருவர்