எங்கள் வீட்டில் 1987இலேயே சலித்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கைப்பேசி வந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதையும் ரசிக்கத் தெரியாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் நியாயம். பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவம் உண்டு. 1985 முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் டெக் வாடகைக்கு ஓட்டியவன் நான்.

இளசுகளுக்கு டெக் என்றால் என்னவென்று தெரியாது. வீடியோ கசெட்டைப் போட்டால் டீவியில் படம் காட்டும் பெட்டி, அவ்வளவுதான். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் கம்பனி அதைச் செய்வதை நிறுத்தியபோது, உலகத்தில் டெக் செய்ய வேறு ஆள் இருக்கவில்லை. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அது வேறு கதை.

1982 பெப்ரவரியில் அரசாங்க டீவியான ரூபவாஹினி ஆரம்பித்து, பீதுருதாலகால மலை உச்சியில் கோபுரமும் நின்றது. ஆனால் இடையில் ஒரு மலை மறித்தால் டீவியில் வெறும் புள்ளிதான். நான் போன லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முக்கால்வாசிக்குக் கரண்டும் கிடையாது. அதனால் டீவி ஒருவர் தலையில், ஜெனரேட்டர் இரண்டு பேர் தோளில், டெக்கும் கசெட் பையும் என் முதுகில் என்று குறுக்குப் பாதையில் ஏறுவோம். பத்தாம் திகதி சம்பளம் போட்டு வருகிற சனிக்கிழமை இரவுதான் எனக்குப் பொன்னான இரவு. லயத்தில் ஒரு குடும்பத்தின் அறையான காம்பராவுக்குப் பத்து ரூபா என்று வசூல் பண்ணி, ஒரு மாதம் முன்பே ஓடர் கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஒரு மாதமும் தோட்டத்தில் ஓயாத சண்டை. விடியும்வரை மூன்று படம். முதல் படம் சாமிப் படம், அதில் வம்பில்லை. மற்ற இரண்டும் என்ன படம்? பெரிசுகளுக்கு எம்.ஜி.ஆர். வேண்டும், கண்டிப் பக்கம் பிறந்த மனுசன், விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இளவட்டங்களுக்கு ரஜினி. மலையில் கொழுந்து எடுக்கும்போதும், காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் நிற்கும்போதும், கோயில் திண்ணையிலும் இதே பேச்சு. நான் போய்ச் சேரும்போது படத்தில் பாதியை அவர்கள் பேசியே பார்த்து முடித்திருப்பார்கள்.

ஓர் இரவை மறக்கவே முடியாது. 1988ஆக இருக்க வேண்டும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் பணிய லயம், கீழே இருப்பது. இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையில் டீவி, வாசலில் இருநூறு பேர், மேலே பனி. மூன்றாவது படம். விடியச்சாமம் மூன்று மணிக்கு, கதாநாயகன் தாயைத் தேடிக் கோயில் வாசலுக்கு வந்துவிட்டான். 'கர்ர்' என்று ஒரு சத்தம். டெக் கசெட்டைத் தின்றுவிட்டது. மூடியைக் கழற்றினால் நாடா குடல் மாதிரி வெளியே தொங்குகிறது. குப்பி லாம்பு வெளிச்சத்தில் நடுவிரலால் மெல்ல மெல்ல இழுக்கிறேன், முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமில்லை. அறுந்துவிட்டது.

"டெக்கு அண்ணே, காசத் திருப்பிக் குடுங்க" என்று பையன்கள் எழும்பினார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னால் இருந்த ஓர் ஆயா, "இருங்கடா, இந்தப் படத்த நான் அட்டன் தியேட்டர்ல பாத்திருக்கேன், மிச்சத்த நான் சொல்றேன்" என்றார். படத்தில் மிச்சம் இருபது நிமிடம்கூட இல்லை. ஆயா முக்கால் மணி நேரம் சொன்னார், இடையில் இரண்டு தாலாட்டும் ஓர் ஒப்பாரியும் சேர்த்து. தாய் மகன் மடியில் உயிரை விட்டாள். அழாத ஆள் இல்லை. என்னிடம் யாரும் காசு கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் புதுக் கொப்பி கொண்டுபோய்ப் போட்டேன். அதில் தாய் சாகவே இல்லை, கடைசியில் எல்லோரும் கல்யாண வீட்டில் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். "கசெட்டுல வெட்டிப்புட்டானுங்க, ஆயா சொன்னதுதான் சரி" என்று எழும்பிப் போனார்கள்.

இதையெல்லாம் சொன்னால், அந்தக் காலம் பொற்காலம் என்று நான் ஒப்பாரி வைப்பதாக நினைப்பீர்கள். அதனால்தான் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருந்தது டவுனில். கரண்ட் உண்டு. அலுமாரியில் எப்போதும் அறுபது எழுபது கசெட் கிடக்கும். என் பிள்ளைகள் நினைத்த நேரம் நினைத்த படத்தைப் பார்க்கலாம். முதல் ஆறு மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாய் வந்தார்கள். 1987 முடிவதற்குள் பாட்டு வந்தால் ஓட்டிவிடுவது, சண்டைக் காட்சியை மட்டும் பார்ப்பது, பாதியில் நிறுத்தி வேறு கசெட் போடுவது என்று ஆகிவிட்டது. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்க்கும். உள்ளே என் மகன் டெக்கை ஓடவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குவான். "அந்தச் சனியன நிப்பாட்டுங்க, காதடைக்குது" என்பாள் என் மனைவி. போன் இல்லை, இணையம் இல்லை, படங்களும் அதே படங்கள்தான். சன்னலுக்கு வெளியே இருந்த பிள்ளைக்கு இனித்தது, உள்ளே இருந்த பிள்ளைக்குப் புளித்தது.

நானும் அப்படித்தான். ஒரே படத்தை நாற்பது தடவை ஓட்டியவனுக்குப் படத்தில் என்ன இருக்கிறது? டீவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து சனத்தைப் பார்ப்பேன். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தெரியும். அதற்கு ஒரு நொடி முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பேராதனையில் படிக்கும் பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு தாத்தா" என்று போனில் எடுத்து வாசித்தாள். 2017இல் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரே தொடர் நாடகத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்தது, ஒன்று நாளுக்கு ஒரு பகுதி, மற்றது வாரத்துக்கு ஒரு பகுதி. ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்கு அடுத்த நாள் கதை நன்றாக ஞாபகம் இருந்ததாம். 140 நாள் கழித்துக் கேட்டால், மளமளவென்று மறந்தவர்களும் அவர்கள்தான். மற்றவர்களைவிட நாடகம் அவர்களுக்குத்தான் குறைவாகப் பிடித்திருந்ததாம். என்னிடம் கேட்டிருந்தால் காசில்லாமலே சொல்லியிருப்பேன்.

இப்போது என் பதினாறு வயதுப் பேரனைப் பார்க்கிறேன். இராச் சாப்பாடு முடிந்ததும் சாய்ந்துகொண்டு நெட்பிளிக்ஸைத் திறக்கிறான், விரலால் தள்ளிக்கொண்டே போகிறான், டிரெய்லர் பார்க்கிறான், யூடியூப்புக்குப் போகிறான், திரும்பி வருகிறான். ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் தேட மட்டும் நாற்பது நிமிடம். பிறகு ஒரு படத்தில் பத்து நிமிடம், அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினான். "போரிங் தாத்தா" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். நான் மட்டும் யோக்கியமா? மகனிடம் சொல்லி மாதாமாதம் போனுக்கு டேட்டா ரீலோட் போட்டுக்கொள்கிறேன். ஒரு காலத்தில் நான் ரீலைச் சுற்றினேன், இப்போது ரீல்ஸ் என்னைச் சுற்றுகிறது. இரவு பதினொரு மணிவரை பார்த்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. டெக் ஓடும் இரவுகளில் பெண்கள் ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிடத்திவிட்டு வந்து சேரும்போது முதல் படம் முடிந்திருக்கும். பின்னால்தான் இடம். என்ன படம் என்ற சண்டையில் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேலை நாள்களில் ஆண்களில் பாதிப் பேர் மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பெண்கள் அந்திவரை மலையில் நிற்பார்கள். இன்று அதே வயதுப் பெண் ஒருத்தி, வேலை முடிந்து இஸ்தோப்பில் கால் நீட்டி, தனக்குப் பிடித்த நாடகத்தைத் தன் போனில் பார்க்கிறாள். அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெட்பிளிக்ஸில் பத்து நிமிடம் தாங்காத அதே பேரன், இந்த மாசியில் காமன் கூத்து ஆடும் திடலான காமன் பொட்டலில் விடியும்வரை குந்தியிருந்தான். காமன் கூத்தில் அவனுக்குத் தெரியாத கதை என்ன இருக்கிறது? மன்மதன் எரியப்போகிறான், ரதி அழப்போகிறாள், பிறகு அவன் எழும்பப்போகிறான். வருஷா வருஷம் அதேதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான். தப்புப் பறையின் அடி ஏற ஏற அவன் போனைச் சட்டைப்பையில் போட்டதை நான் பார்த்தேன். ரதி வேஷம் கட்டிய பையன் அவனுடைய வகுப்புத் தோழன். அவன் அழுதபோது இவனும் கண்ணைத் துடைத்தான், பனிதான் என்று என்னிடம் சாதித்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் ஒரு யோசனை வந்தது. எங்கள் கோயில் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, ஒரே ஒரு படம். புரொஜெக்டரைப் பேத்தி இரவல் வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். வீட்டுக்கு நூறு ரூபா, பெண்களுக்கு முன்வரிசை. அதுவும் போனில் கிடைக்கிற படம்தானே, எவன் வருவான் என்று சிலர் சிரித்தார்கள். வசூல் முடிந்துவிட்டது.

முதல் படம் இன்னும் முடிவாகவில்லை. கமிட்டி மூன்று தடவை கூடியாகிவிட்டது. போன கூட்டத்தில் இரண்டு மணி நேரம் சண்டை. எம்.ஜி.ஆருக்கு ஏழு கை, ரஜினிக்கு ஏழு கை. முன்வரிசைக்காரிகள் இரண்டும் வேண்டாம், சாமிப் படம் போடு என்று எழும்பி நின்றார்கள். எங்கள் வீட்டில் இராச் சாப்பாட்டில் பேரன் முதலில் கேட்பதே, "இன்னைக்கு என்ன தாத்தா முடிவாச்சு?" என்பதுதான்.

இப்படிக்கு,
பழைய டெக்காரன்,
பொகவந்தலாவை.